பழைய காரில் பழைய ஸ்டீரியோ ரேடியோ: பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரணிலும் பழைய சாமான் குவியலிலும் பல ஆண்டுகள் கிடந்தும் கெடாத ரேடியோ, காரில் மாட்டிய நாளில் கருகிப்போகும். ‘பாடுகிறதா பார்ப்போம்’ என்று பேட்டரியோடு இணைத்துப் பார்க்கும் அவசரம்தான் அதற்குக் காரணம். இந்தக் கார் என்ன மின்சாரம் தருகிறது, இந்த ரேடியோ என்ன மின்சாரம் கேட்கிறது என்ற இரண்டும் தெரியாமல் ஒரு வயரைக்கூடத் தொடக் கூடாது.

கார் என்றால் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை கார் பாடியோடு இணைந்திருப்பது) என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. 1950களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டில்தான் ஓடின. வோக்ஸ்வாகன் பீட்டில் 1960களின் பிற்பகுதியில்தான் 12 வோல்ட்டுக்கு வந்தது. பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ஏறக்குறைய அதே காலம் வரை பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருந்தது. இடையில் வந்த உரிமையாளர் யாராவது இதை மாற்றியும் இருக்கலாம். ஆகவே கையேட்டை நம்பாமல், மீட்டர் வைத்து அளந்து பாருங்கள்.

ரேடியோவின் பக்கம், பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளைத் துடைத்துப் படியுங்கள். ஐரோப்பிய ரேடியோக்கள் சிலவற்றில் 6/12 வோல்ட்டையும் எர்த்தையும் மாற்றிக்கொள்ள ஒரு சிறு செருகியோ திருப்பியோ இருக்கும். அது எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். முன்பு அது வேறொரு காரில் இருந்திருக்கலாம். டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ரேடியோக்களில் சில எந்த எர்த்தையும் தாங்கும். டிரான்சிஸ்டர் ரேடியோ தாங்காது.

நெகட்டிவ் எர்த் ரேடியோவை பாசிட்டிவ் எர்த் காரில் வைக்கத் துணிகிறவர்கள் பெட்டியைச் சுற்றி ரப்பர் கொடுத்து, திருகுகளுக்கு பிளாஸ்டிக் வாஷர் போட்டு, எல்லாம் பத்திரம் என்று நினைக்கிறார்கள். ஆன்டெனா கேபிளை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கேபிளின் வெளிப் பின்னல் ஒரு முனையில் ரேடியோப் பெட்டியையும் மறுமுனையில் கார் பாடியையும் தொடுகிறது. பிளக்கைச் செருகியதும் பேட்டரியின் இரண்டு முனைகளும் அந்த மெல்லிய பின்னல் வழியாக நேராகச் சேர்கின்றன. வயர் பழுத்துப் புகை வரும், டாஷ்போர்டே தீப்பிடிக்கலாம். எர்த் பொருந்தாத ரேடியோ என்றால் விட்டுவிடுங்கள், அல்லது அதற்கென்று செய்த மின்மாற்றுக் கருவியைப் பயன்படுத்துங்கள்.

எஃப்.எம். இருந்தால் ஸ்டீரியோ என்று நினைத்து வாங்குவது இன்னொரு பெரிய தவறு. ஜெர்மன் நிறுவனமான ப்ளாபுங்ட் 1952இலேயே காருக்கு எஃப்.எம். ரேடியோ கொண்டுவந்தது, அமெரிக்காவில் எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அனுமதி கிடைத்ததோ 1961இல்தான். பாலன்ஸ் குமிழும், இடம் வலம் என இரண்டு தனித்தனி ஸ்பீக்கர் இணைப்புகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1960களின் அமெரிக்க ரேடியோக்கள் சிலவற்றில் ஸ்டீரியோவைப் பிரிக்கும் சுற்று தனிப் பெட்டியாக இருந்தது. அது இல்லாமல் விற்கப்படும் ரேடியோ மோனோவாகத்தான், அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலியாகத்தான் பாடும்.

முகப்பையும் குமிழ்களையும் வைத்து ஆண்டைத் தீர்மானிக்காதீர்கள், அவை எளிதில் மாற்றப்படுபவை. வால்யூம் கன்ட்ரோலின் உடலில் அச்சிட்ட எண்ணைத் தேடுங்கள். அமெரிக்க ரேடியோவில் 1376632 என்று இருந்தால், 137 என்பது தயாரித்த நிறுவனத்தின் குறியீடு, 66 ஆண்டு, 32 வாரம். அந்த வாரத்துக்கு முன் இந்த உறுப்பு பிறந்திருக்க முடியாது. ரேடியோ உண்மையில் உங்கள் காரின் காலத்தைச் சேர்ந்ததா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஸ்பீக்கரில் நடக்கும் தவறுகள்தான் எனக்கு மிகுந்த வருத்தம் தருபவை. அவற்றால் அழியும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களுக்கு மாற்று கிடைப்பது அரிது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்த பழைய டெல்கோ ரேடியோக்கள் பலவும் 10 ஓம் (மின்தடையின் அளவு) ஸ்பீக்கருக்கென்று செய்யப்பட்டவை. அதில் இன்றைய 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், அவுட்புட் டிரான்சிஸ்டர் தாங்க வேண்டிய மின்னோட்டம் அளவு மீறிப் போகும். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகச் சேர்த்தால் அது 2 ஓம் ஆகிவிடும், இன்னும் மோசம். டாஷ்போர்டில் ஒரே ஸ்பீக்கருக்குத்தான் இடம் இருக்கிறது என்று இடது, வலது இரண்டு பக்க வயர்களையும் முறுக்கி ஒன்றாக்கிவிடுகிறார்கள். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் ஒன்றோடொன்று மோதிக் கெடும். ஒரே கூம்பில் இரண்டு காயில் உள்ள ஸ்பீக்கர் இதற்கென்றே கிடைக்கிறது. ஸ்பீக்கர் மாட்டாமல் ரேடியோவை ஓடவிடுவதும் வேண்டாம்.

முதல் சோதனையை காரில் செய்யாதீர்கள். மேசை மேல் வைத்து, மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளையும் சரியான ஃபியூஸும் போட்டுத் தொடங்குங்கள். அரை நூற்றாண்டு ஆன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் உலர்ந்திருக்கும். அவற்றை மாற்றிய பிறகே மற்ற குறைகளைத் தேடுவது நல்லது. வால்வு ரேடியோ சூடாகி ஒலி வரச் சற்று நேரம் பிடிக்கும். வால்வுக்குத் தேவையான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்க அதிரும் வைப்ரேட்டரின் மெல்லிய ரீங்காரம் கோளாறு அல்ல.

டாஷ்போர்டை அரம் போட்டு அகலமாக்க வேண்டாம். ரேடியோத் துளைக்கு 182க்கு 53 மில்லிமீட்டர் என்ற பொது அளவு பிற்காலத்தில் நிலைபெற்றது. இரண்டு குமிழ்த் தண்டுகளில் நிற்கும் ரேடியோவின் காலத்துக் காரில் அந்தத் துளையே இருக்காது. வெட்டிய தகட்டை ஒட்டவைக்க முடியாது. பின்பக்கத்தில் தாங்கும் பட்டையும் கட்டாயம் வேண்டும். கனமான பெட்டி முகப்பில் மட்டும் தொங்கினால் தகடு விரிசல் விடும்.

பொருத்திய பின் மீடியம் வேவ் மங்கலாகக் கேட்டால் ரேடியோவைக் குறை சொல்ல வேண்டாம். ஆன்டெனாவை முழுவதும் நீட்டி, 1400 கிலோஹெர்ட்ஸ் அருகே மெலிந்த ஒரு நிலையத்தைப் பிடித்து, ரேடியோவை ஆன்டெனாவோடு பொருந்தவைக்கும் டிரிம்மர் திருகை ஒலி உச்சத்துக்கு வரும்வரை திருப்புங்கள். இன்ஜின் ஓடும்போது மட்டும் படபடவென்று இரைச்சல் வந்தால், இக்னிஷன் காயிலில் சத்தத்தை அடக்கும் கண்டென்சர் போட வேண்டும். பேட்டரி மின்சாரம் வரும் முனையில் அதை இணையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட்டுக்குப் போகும் முனையில் போட்டால் தீப்பொறி பலவீனமாகி இன்ஜினே தடுமாறும்.