லாகோஸில் மீனைக் கைகாட்டும் முன்

நைஜீரியாவின் லாகோஸில் இறங்கியதும் குடியிருப்பு அனுமதி, சிம் பதிவு, வங்கிக் கணக்குக்கு வேண்டிய பி.வி.என். எண் என்று அலைச்சல் உண்டு. அதற்கெல்லாம் கம்பெனியில் ஆள் இருப்பார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுங்கள், போதும். நான் சொல்ல வந்தது வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போகும் பாரைப் பற்றி.

போங்கள், கட்டாயம் போங்கள். பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுயர ஸ்பீக்கர், நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் உறுமும். கரண்ட் போவது நமக்கென்ன புதுசா? இடித்த கிழங்கு, மரவள்ளி மாவில் கிண்டிய ஏபா, இவற்றைக் கையால் உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். அந்த வகைக்குப் பெயரே 'ஸ்வாலோ'. ராகிக் களி தின்று வளர்ந்த தருமபுரிக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்தத் திமிரில்தான் மாட்டிக்கொண்டேன்.

'பாயிண்ட் அண்ட் கில்' என்பார்கள். கொல்லைப்புறத் தொட்டியில் கெளுத்தி உயிரோடு நெளியும். நீங்கள் கைகாட்டுவதை அள்ளி, தலையில் ஒரே போடு. பிறகு பெப்பர் சூப்பாகவோ, முழுசாக நெருப்பில் வாட்டியோ மேசைக்கு வரும். விலை மீனின் அளவைப் பொறுத்தது. எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். மேட்டூர் கெண்டைக்குப் பத்து ரூபாய் குறைக்க அரைமணி நேரம் நிற்கிற ஆள் நான். அன்றைக்குப் பாட்டுச் சத்தம், கையில் பீர், பின்னால் நாலு பேர் 'ஓகா, ஓகா' (முதலாளி, முதலாளி) என்று ஏற்றிவிட, இருந்ததிலேயே பெரிய மீசைக்காரனைக் காட்டிவிட்டேன். பில் வந்தது. நாலு பேர் குடித்த பீரும் தின்ற சுயா இறைச்சியும் சேர்ந்து ஆனதைப்போல இரண்டு மடங்கு, அந்த ஒரு மீனுக்கு! செத்த மீனுக்கு ஏது பேரம்? கூட வந்தவனிடம் எரிந்து விழுந்தால், "நீ கேட்டிருப்பாய் என்று நினைத்தேன்" என்கிறான்.

ஆகவே, விரலை நீட்டுவதற்கு முன்னால் "ஹவ் மச் பி திஸ் ஒன்?" என்று கேளுங்கள். சொன்னதும் முகத்தைச் சுளித்து, "ஹவ் மச் லாஸ்ட்?" இது அங்கே சகஜம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சமையலும் வாழைக்காய் வறுவலும் அந்த விலைக்குள் அடக்கமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். நடுத்தர மீனே மூன்று பேருக்குத் தாராளம்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கறி வேண்டாம் என்று சொன்னாலும் கீரைக் குழம்பில் இறால் கருவாட்டுப் பொடி விழுந்திருக்கும். காலையில் தெருவோரம் சுடுகிற அக்காரா, நம் காராமணி வடைதான், அதைத் தேடுங்கள். அப்புறம், பணத்தைப் போனில் அனுப்பினால் கடைக்காரருக்கு 'அலர்ட்' வரும்வரை எழுந்திருக்க முடியாது. நான் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

சூப்பை மட்டும் குறை சொல்ல மாட்டேன். துளசி இனத்து இலை ஒன்றைக் கிள்ளிப் போடுகிறார்கள், அந்த வாசனைக்கு ஒரு கணம் அம்மா வைக்கும் கஷாயம் நினைவுக்கு வந்தது. மூக்கு ஒழுக ஒழுகக் குடித்தேன். பில் என் தலையில்தான் என்று தெரிந்தோ என்னவோ, மீன் தலையையும் எனக்கே தள்ளிவிட்டார்கள்.