கறுத்த பல்லுக்கு செராமிக் கேப்பா? முதல்ல உள்ள இருக்கிற கலரைப் பாருங்க

லேப்ல உக்காந்து பீங்கான் பல்லு செய்யுற ஆளு நான். முன்பல்லுல போட்ட கேப் ஒரு மாதிரி சாம்பலா தெரியுதுன்னு திரும்பி வந்தா, முக்கால்வாசி நேரம் தப்பு கேப்ல இருக்காது, அதுக்குள்ள இருக்கிற பல்லுலதான் இருக்கும்.

நல்ல செராமிக்குக்குள்ள வெளிச்சம் போயிட்டு வரும், அதனாலதான் நிஜப்பல்லு மாதிரியே தெரியுது. ஆனா உள்ள போற வெளிச்சம் முட்டுற இடத்துல ரூட் கேனல் பண்ணி காபிக்கொட்டை கலருக்கு வந்த பல்லோ மெட்டல் போஸ்ட்டோ (வேருக்குள்ள இறக்குற கம்பி) இருந்துச்சுன்னா, அந்தக் கருப்பையும் சேத்து வெளிய கொண்டுவந்து காட்டிரும். மெல்லிசு வெள்ளை வேட்டிக்குள்ள கோடு போட்ட டவுசர் போட்ட கதைதான்.

ஒருதடவை டாக்டர் அனுப்புன சீட்டுல வெறும் ஏ2ன்னு (பல்லு கலருக்கான ஒரு குறியீடு) மட்டும் எழுதி வந்துச்சு, நானும் எதுவும் கேக்காம எல்டி இன்காட்டுல (வெளிச்சத்தை ஓரளவு விடுற பீங்கான் கட்டி) பிரஸ் பண்ணி அனுப்பிட்டேன். மஞ்சள் ஸ்டோன் மாடல் (பேஷண்ட் பல்லோட அச்சு) மேல வச்சப்போ அவ்ளோ அம்சம். வாயில வச்ச போட்டோ வந்தப்போ பாத்தா பக்கத்துப் பல்லு பளிச்சுன்னு இருக்கு, நம்மது மட்டும் சிமெண்ட் தொட்டி கலர். அந்த வேலையை காசு வாங்காம திரும்ப செஞ்சேன், கேக்காம விட்டது என் தப்புதானே.

அதனால ஷேடு, அதாவது பல்லோட கலர், ரெண்டு தடவை எடுக்கணும். பல்லை ராவுறதுக்கு முன்னாடி, வாய் காயுறதுக்கு முன்னாடியே, பக்கத்துப் பல்லோட ஷேடு (பல்லு காஞ்சா வெளுத்துரும், அதைப் பாத்து எடுத்தா கேப் ஓவர் வெள்ளையா வந்து நிக்கும், லிப்ஸ்டிக்கும் அழிச்சிருங்க). ராவின பிறகு உள்ள மிச்சம் இருக்கிற கட்டையோட ஷேடு, இதைத்தான் ஸ்டம்ப் ஷேடுன்னு சொல்றது, என்டி 1ல இருந்து 9 வரைக்கும் இதுக்குன்னே தனி கைடு இருக்கு. பல்லு ஈரமா இருக்கும்போதே ஷேடு டேபை (கைடுல இருக்கிற கலர் மாதிரி) பல்லோட ஒரே மட்டத்துல புடிச்சு போட்டோ எடுங்க, டேப் முன்னாடி தள்ளி நின்னா அது மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சு எங்களை ஏமாத்திரும்.

உள்ள இருக்கிற கருப்பையே குறைக்க முடிஞ்சா அதுதான் பெஸ்ட். ரூட் கேனல் ஆன பல்லுன்னா டாக்டர் உள்ளுக்குள்ளயே ப்ளீச் மருந்து வச்சு கொஞ்சம் வெளுக்க வைப்பாரு, ஆனா அது முடிஞ்ச உடனே ஒட்டக்கூடாது, பிடிப்பு குறையும், ஒண்ணு ரெண்டு வாரம் விட்டுட்டுத்தான் ஒட்டணும். புதுசா போஸ்ட் போடப்போறீங்கன்னா மெட்டலை விட ஃபைபர் போஸ்ட் நல்லது. ஏற்கனவே மெட்டல் போஸ்ட் இருக்கா? அதை நோண்டி எடுக்கப் போனா வேரே விரிசல் விடலாம், அதை விட அது மேல ஒபேக் காம்போசிட் (வெளிச்சம் ஊடுருவாத ஃபில்லிங் மருந்து) ஒரு பூச்சு பூசி மறைக்கிறது சேஃப்.

அடுத்தது இடம், அதாவது பீங்கானுக்குக் கிடைக்கிற தடிமன். 0.5 மில்லிமீட்டர் வெனியரை (பல்லு முன்பக்கம் ஒட்டுற மெல்லிசு ஓடு) வச்சு காபிக்கொட்டையை மறைன்னு சொன்னா நான் என்ன மந்திரவாதியா? லித்தியம் டைசிலிகேட்ங்கிற பீங்கான்ல எச்டி, எல்டி எல்லாம் வெளிச்சத்தை விடுற வகை, 1 மில்லிமீட்டர் எல்டி ரொம்ப கறுத்த பல்லுக்குப் பத்தாது. அதுலயே வெளிச்சத்தைத் தடுக்கிற வகையான எம்ஓ, எச்ஓ, இல்லன்னா 3ஒய் ஜிர்கோனியாவை 0.5 மில்லிமீட்டர் அளவுல உள் கூடா செஞ்சு கருப்பை அங்கேயே தடுத்துட்டு, அது மேல பீங்கானை அடுக்கணும், மொத்தம் 1.2ல இருந்து 1.5 மில்லிமீட்டர் இருந்தா நிம்மதியா வேலை பாக்கலாம். முழுசா ஒபேக்காவே செஞ்சா கருப்பு தெரியாதுதான், ஆனா சாக்பீஸ் துண்டு ஒட்டி வச்ச மாதிரி இருக்கும். ரொம்ப கஷ்டமான இடம் ஈறு ஓரம், அங்க பீங்கான் மெல்லிசாத்தான் போகும், போதாக்குறைக்கு வேரே கறுத்திருந்தா ஈறு வழியாவும் நிழல் அடிக்கும், கேப்பை எவ்ளோ நல்லா செஞ்சாலும் அது முழுசா போகாது, இதை பேஷண்ட்கிட்ட ஆரம்பத்துலயே சொல்லிருங்க.

ஒபேக் சிமெண்ட் போட்டு சரிபண்ணிக்கலாம்னு சில பேர் நினைக்கிறாங்க, அது 0.1 மில்லிமீட்டர் கூட இல்லாத பூச்சு, ஒரு ஷேடு வித்தியாசத்தை வேணா தள்ளிவிடும், அவ்ளோதான். ஒட்டுறதுக்கு முன்னாடி ட்ரை-இன் பேஸ்ட் (சிமெண்ட் கலர்லயே இருக்கிற, ஒட்டிப் பாக்குற பேஸ்ட்) வச்சு, லைட்டை அணைச்சுட்டு பேஷண்டை ஜன்னல் பக்கம் நிக்க வச்சுப் பாருங்க. பேஸ்ட் தண்ணியில கழுவினா போயிரும். அப்பவும் சாம்பலா தெரிஞ்சா ஒட்டாம எங்களுக்கே திருப்பி அனுப்புங்க, போட்டோவோட.