யூரின் கசிவைப் பற்றி அம்மாவிடமும் மாமியாரிடமும் டாக்டரிடமும் பேசுவது எப்படி?

கொளத்தூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். முட்டி வலி, முதுகு வலி என்றுதான் பெண்கள் வருவார்கள். பயிற்சி ஆரம்பிக்கும் முன், "ஒரு நிமிஷம், பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று எழுந்து போவார்கள். குதிகாலைத் தூக்கி டொக்கென்று இறக்கச் சொன்னால் தயங்குவார்கள். "ஏதாவது பிரச்சினை இருக்காம்மா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லையே" என்றுதான் பதில் வரும். "இருமினா, தும்மினா துணி நனையுதா?" என்று கேட்டுப் பாருங்கள். வருஷக்கணக்கில் யாரிடமும் சொல்லாததை அங்கேயே சொல்லிவிடுவார்கள். இந்தப் பேச்சில் முக்கியமே அதுதான். பொதுவாக விசாரிக்காமல், தினப்படி நடக்கிற ஒன்றைக் குறிப்பாகக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முன் நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டினது போல ஒரு தசைப் படலம் இருக்கிறது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது அதுதான். கர்ப்பம், சுகப்பிரசவம், ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், மாதவிடாய் நிற்பது, தீராத இருமல், முக்கி முக்கிப் போகிற மலச்சிக்கல், உடல் பருமன், லாரித் தண்ணீரைக் குடம் குடமாக மாடிக்குத் தூக்குவது என்று பல காரணங்களால் அது தளர்ந்து போகும். தளர்ந்தால் சிரித்தாலே மூத்திரம் கசியலாம், கர்ப்பப்பை இறங்கலாம். அவசரமாக வந்து, கழிவறைக்குப் போவதற்குள் நனைந்துவிடுவது வேறு வகை. அதில் மூத்திரப்பையே நேரம் கெட்ட நேரத்தில் சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

வீட்டுப் பெரியவர்களிடம் பேச, கைக்கு வேலை இருக்கிற நேரம் நல்லது. கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. ஆண்கள் கூடத்தில் இருந்தால் ஆரம்பிக்காதீர்கள். என்னிடம் வரும் ஒரு பெண், மாமியார் கல்யாணத்துக்கெல்லாம் போவதை நிறுத்திவிட்டதைக் கவனித்திருக்கிறாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது, "அத்தை, பாப்பா பொறந்ததுலேர்ந்து தும்மினா எனக்கு லீக் ஆகுது. உங்களுக்கு அப்படி இருந்துச்சா?" என்று தன்னுடையதை முதலில் சொன்னாள். அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாலு கொத்து உருவி முடித்த பிறகு, "இப்பவும் இருக்கு" என்றார். அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள்.

உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லையென்றால் இப்படிக் கேட்கலாம்: "வெளிய கிளம்பும்போது தண்ணி குடிக்காமயே போறீங்களே, ஏம்மா?" "ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்க?" "கீழ ஏதோ கனமா, இறங்கி வர்ற மாதிரி இருக்கா?" பதில் வந்தால் "வயசானா அப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையாலேயே எத்தனையோ பேர் வைத்தியம் பார்க்காமல் இருந்துவிட்டார்கள்.

வயசானவர்கள் விஷயம் என்று ஒதுக்கவும் முடியாது. தி.நகர் கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பெண்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பற்றியும் அதே அக்கறையோடு பேச வேண்டும். தண்ணீரைக் குறைத்தால் மூத்திரம் அடர்த்தியாகி இன்னும் எரிச்சல் தரும், மலச்சிக்கலும் கூடும். தண்ணீரைக் குறைக்காதீர்கள். காபி, டீயை வேண்டுமானால் குறைத்துப் பாருங்கள்.

அப்புறம் டாக்டர். கூட்டமான ஓ.பி.யில் வாய் வராது என்றால் ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள்: எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், எவ்வளவு நனைகிறது, பேட் வைக்கிறீர்களா, கீழே கழுவும்போது கையில் ஏதாவது தட்டுப்படுகிறதா, எத்தனை பிரசவம். அதற்கு முன் மூன்று நாள், எப்போது என்ன குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது என்று குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. கூட வந்த மகனையோ கணவரையோ வெளியே இருக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கோ திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைக்கோ போகலாம். கோஷா ஆஸ்பத்திரி என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அதுதான் கஸ்தூர்பா. ஆண் டாக்டர் முன் வரத் தயங்கிய பெண்களுக்காகவே மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவர் 1885-ல் தொடங்கியது அது.

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், "பயிற்சியில சரியாகுமா? உள்ள ரிங் வெச்சுப் பாக்கலாமா?" என்று கேளுங்கள். ரிங் என்பது கர்ப்பப்பை இறங்காமல் தாங்க, பிறப்புறுப்புக்குள் வைக்கிற வளையம். கர்ப்பப்பை இறக்கத்துக்குப் பலருக்கு அதுவே போதும். கர்ப்பப்பையை எடுப்பது மூத்திரக் கசிவுக்கு வைத்தியமும் இல்லை.

பயிற்சி இதுதான். அமெரிக்க மருத்துவர் அர்னால்ட் கீகல் 1948-ல் இதைப் பற்றி எழுதினார், அதனால் கீகல் என்கிறோம். காற்றுப் பிரிவதை அடக்குவது போல அடிப்பகுதியை இறுக்கி மேலே இழுங்கள். சில விநாடி பிடித்து, முழுசாக விடுங்கள். விடுவதும் பயிற்சிதான். பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. எட்டுப் பத்து முறை, தினம் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மூத்திரம் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள். இருமல் வருவதற்கு முந்தின நொடியில் இறுக்கிக்கொண்டால் கசிவு அப்போதே குறையும். பிரசவமான பெண்ணுக்கு வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டுவதால் இந்தத் தசை பலப்படாது, பயிற்சிதான் வேண்டும். ஆனால் தாம்பத்தியத்தின்போது வலி இருந்தால் தசை தளராமல் இறுகியே இருக்கலாம். அவர்கள் தாங்களாகச் செய்யாமல், இதில் பழகிய பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பேசும்போது வேறு சிலதும் காதில் விழலாம். மூத்திரத்தில் ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு திரும்ப ரத்தப்போக்கு என்றால் பயிற்சி பார்த்துக்கொள்ளும் என்று விடாமல் சீக்கிரம் டாக்டரிடம் போங்கள். மூத்திரமே வராமல் அடைத்துக்கொண்டாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ உடனே, ராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.