தை மாதத்து அவரைக்காய்ப் பொரியல்

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குக் காலை ஆறரைக்குள் போய்விடுவேன். தை மாதம் என்றால் முதலில் கை போவது அவரைக்காயில்தான். ஒன்றை ஒடித்துப் பாருங்கள். சட்டென்று ஒடிந்தால் பிஞ்சு; வளைந்து கொடுத்தால் வேண்டாம். மூன்று பேருக்குக் கால் கிலோ போதும்.

இரண்டு பக்கமும் நார் உரித்துப் பொடியாக நறுக்குங்கள். நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, 2 காய்ந்த மிளகாய், வீட்டுச் செடியில் அப்போதே பறித்த கறிவேப்பிலை. அவரைக்காயைப் போட்டு ஒரு கை தண்ணீர் தெளித்தால் போதும். மூடாதீர்கள், பச்சை நிறம் மங்கிவிடும். பாதி வெந்ததும் உப்பு. காய் சுருங்கும் என்பதால் குறைவாகவே போடுங்கள். பத்து நிமிடத்தில் வெந்துவிடும்.

அடுப்பை அணைத்த அப்புறம் ஒரு பிடி தேங்காய்த் துருவல். அந்தச் சூடே போதும், தேங்காய் மணக்க. மசாலாப் பொடி மட்டும் தயவுசெய்து வேண்டாம். பிஞ்சு அவரையின் வாசனையே போய்விடும்.