பத்து வருட பிஎஸ்எல்வி ஏவுதல்களை ஒரே சார்ட்டில் போடுவது எப்படி

பள்ளி அறிவியல் கண்காட்சி வந்தால் பிள்ளைகள் பெரும்பாலும் தெர்மாகோலில் ஒரு ராக்கெட் செய்து, வெள்ளை பெயிண்ட் அடித்து, பக்கத்தில் இஸ்ரோ என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். செய்யட்டும். ஆனால் அதைவிடக் குறைந்த செலவில் பல மடங்கு விஷயம் கிடைக்கிற வேலை ஒன்று உண்டு. 2008 முதல் 2017 வரை இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட் எத்தனை முறை பறந்ததோ அத்தனையையும் ஒரே சார்ட்டில் வரிசையாக எழுதிப் பார்ப்பதுதான் அது. மொத்தம் 30 வரி, அவ்வளவுதான். நாகர்கோவிலில் இருக்கும் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை, வீட்டில் ஒரு பெரியவர் கூட உட்கார்ந்தால், தாராளமாக முடித்துவிடலாம்.

ஏன் அந்தப் பத்து வருடம்? 2008 அக்டோபரில் சந்திரயான்-1, 2013 நவம்பரில் மங்கள்யான், 2017 பிப்ரவரியில் ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள், அதே வருடம் ஆகஸ்ட் 31-ல் ஒரு தோல்வி என எல்லாமே அதற்குள் வந்துவிடுகின்றன. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் செய்த ஒரு செயற்கைக்கோளும் அதற்குள்தான் போயிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கோடு போடுங்கள். சார்ட் பேப்பரைப் படுக்கை வசமாக வைத்துக்கொண்டு ராக்கெட்டின் எண், தேதி, நேரம், ராக்கெட்டின் வகை, முக்கியச் செயற்கைக்கோள், மொத்தம் எத்தனை, மொத்த எடை, சுற்றுப்பாதையின் உயரம், சாய்வுக் கோணம் என்று பத்தி பிரியுங்கள். கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், நீங்கள் விடாதீர்கள், இந்தச் சார்ட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. தகவலுக்கு எங்கெங்கோ அலைய வேண்டாம். ஒவ்வொரு ஏவுதலுக்கும் இஸ்ரோ ஒரு பிரௌஷர் போடும், அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கும், எடை, உயரம், கோணம், எந்த வினாடியில் எது பிரியும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பிரௌஷர் ராக்கெட் கிளம்புவதற்கு முன்னால் எழுதப்படுவது. கடைசியில் என்ன நடந்தது என்பதற்கு ஏவிய பிறகு வந்த அறிவிப்பையோ மறுநாள் நாளிதழையோ பாருங்கள்.

வரிசைப்படுத்தும்போது எண்ணை நம்பக் கூடாது, தேதியை மட்டும்தான் நம்ப வேண்டும். பிஎஸ்எல்வி-சி10 பறந்தது 2008 ஜனவரி 21, சி9 பறந்தது அதே வருடம் ஏப்ரல் 28. சி21 முன்னால் போய் சி20 பின்னால் போனது. செவ்வாய்க்குப் போன சி25, சி24-க்கும் சி23-க்கும் முன்பே கிளம்பிவிட்டது. சி30-க்குப் பிறகுதான் சி29. சி13 என்று ஒன்று கிடையவே கிடையாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ராக்கெட்டைத் திட்டத்துக்கு ஒதுக்கும்போதே எண் விழுந்துவிடும், செயற்கைக்கோள் தயாராகத் தாமதமானால் பின்னால் இருப்பது முன்னால் போய்விடும். தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. சி26 நம் நேரப்படி 2014 அக்டோபர் 16 அதிகாலை 1.32-க்குக் கிளம்பியது, உலகப் பொது நேரப்படி அது அக்டோபர் 15. வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்து எழுதினால் ஒரு நாள் இடிக்கும். ஆகவே முழுக்க இந்திய நேரமே போடுங்கள்.

எழுதி முடித்ததும் வருடவாரியாகக் கூட்டிச் சரிபாருங்கள். 2008-ல் 3, அடுத்து 2, 1, 3, 2, 3, 3, 4, 6, கடைசியாக 2017-ல் 3. கூட்டினால் 30 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, பெரும்பாலும் 2016-ல்தான் விடும், அந்த ஒரே வருடத்தில் ஆறு முறை பறந்திருக்கிறது.

அடுத்து ராக்கெட்டின் வகை. பிஎஸ்எல்வி என்பது ஒரே ராக்கெட் போலத் தெரிந்தாலும் இந்தப் பத்து வருடத்தில் மூன்று உருவத்தில் பறந்திருக்கிறது. நடுத்தண்டு மூன்றுக்கும் ஒன்றுதான்: கீழே திட எரிபொருள், அதற்கு மேல் திரவ எரிபொருளில் ஓடும் விகாஸ் என்ஜின், மறுபடி திடம், உச்சியில் சின்னதாக இரண்டு திரவ என்ஜின்கள். பக்கத்தில் கட்டும் துணை ராக்கெட்டான பூஸ்டரில்தான் வித்தியாசம். பூஸ்டரே இல்லாமல் பறந்தால் கோர் அலோன். 9 டன் எரிபொருள் பிடிக்கும் பூஸ்டர் ஆறு கட்டினால் சாதாரண வகை. 12 டன் பிடிக்கும் நீளமான பூஸ்டர் ஆறு கட்டினால் எக்ஸ்எல், கிளம்பும்போது மொத்தம் சுமார் 320 டன். எக்ஸ்எல் முதலில் பறந்ததே சந்திரயான்-1-க்காகத்தான். மூன்று நிறத்தில் ஸ்கெட்ச் பேனா எடுத்து அடியுங்கள். கோர் அலோன் 10, சாதாரண வகை 2 (சி16, சி35), எக்ஸ்எல் 18 என்று வரும். கோர் அலோன் நிறம் முன்பாதியில் அடர்த்தியாகவும், எக்ஸ்எல் நிறம் பின்பாதியில் கிட்டத்தட்ட முழுசாகவும் இருப்பதைப் பார்த்தாலே, ராக்கெட்டுக்குக் கொடுத்த வேலை வருடத்துக்கு வருடம் பாரமாகிக்கொண்டே போனது தெரியும்.

சரி, இப்போது சாய்வுக் கோணத்துக்கு வருவோம். பூமியின் நடுக்கோட்டோடு சுற்றுப்பாதை எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதுதான் இந்த எண். நடுக்கோட்டை ஒட்டியே சுற்றினால் சுழி, துருவங்களுக்கு மேலே சுற்றினால் 90-ஐ ஒட்டி. நில அளவை, காடு, பயிர், கடல் பார்க்கிற செயற்கைக்கோள்கள் 97, 98 டிகிரியில் போகும், அப்படிப் போனால்தான் ஒவ்வொரு இடத்தையும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே உள்ளூர் நேரத்தில், ஒரே மாதிரி வெயிலில் படம் எடுக்க முடியும். பிஎஸ்எல்வியைக் கட்டியதே இந்தத் துருவப் பாதைக்காகத்தான். இந்த 97, 98 டிகிரி வரிகளுக்கு ஒரு பச்சைப் புள்ளி வையுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் ஆரஞ்சு வையுங்கள். எண்ணிப் பார்த்தால் பச்சை 14, ஆரஞ்சு 16.

இந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், கேட்க வேண்டும். துருவப் பாதைக்கென்று செய்த ராக்கெட் பாதிக்கும் மேல் வேறு வழியில் ஏன் போனது? ஆரஞ்சு வரிகளை மட்டும் எடுத்துப் படியுங்கள், பதில் அங்கேயே இருக்கிறது. எட்டு வரி ஐஆர்என்எஸ்எஸ், அதாவது நாவிக் வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள், 2013-ல் தொடங்கி 2017 வரை. இரண்டு வரி நிலாவும் செவ்வாயும். ஒன்று தகவல் தொடர்புக்கான ஜிசாட்-12. வெப்பமண்டல மழையைக் கவனிக்கிற மேகா-டிராபிக்ஸ் 20 டிகிரியில், விண்மீன்களைப் பார்க்கிற அஸ்ட்ரோசாட் 6 டிகிரியில், சிங்கப்பூரின் டெலியோஸ்-1 15 டிகிரியில். மீதி இரண்டு 41 டிகிரியில் போன ரேடார் செயற்கைக்கோள்கள். பெரிய ராக்கெட்டான ஜிஎஸ்எல்வி இன்னும் முழுதாகக் கைகூடாத அந்த வருடங்களில், நாட்டுக்குத் தேவைப்பட்ட பலதரப்பட்ட வேலையை இந்த ஒரே ராக்கெட் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. 104 என்ற எண்ணை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான், சார்ட் போடாமல் இது கண்ணில் படவே படாது.

உயரம் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. சந்திரயானுக்கும் மங்கள்யானுக்கும் உயரம் என்ற இடத்தில் நிலா, செவ்வாய் என்று எழுதிவிடாதீர்கள். ராக்கெட் எங்கே இறக்கிவிட்டதோ அந்தப் பாதையைத்தான் எழுத வேண்டும். மங்கள்யானை சி25 விட்டது பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில்தான், ஒரு முனை சுமார் 250 கிலோமீட்டர், மறுமுனை சுமார் 23,500. அங்கிருந்து தன் சொந்த என்ஜினை மறுபடி மறுபடி எரித்துத்தான் அது செவ்வாய்க்கு வழி பிடித்தது.

பச்சையும் ஆரஞ்சும் ஏன் வெவ்வேறு திசையில் கிளம்புகின்றன என்று காட்ட ஒரு உலக உருண்டையும் கொஞ்சம் நூலும் போதும். ஸ்ரீஹரிகோட்டாவில் நூலை ஒட்டி நேரே தெற்கே இழுங்கள், இலங்கையில் போய் விழும். எரிந்த பாகங்கள் ஊர் மேல் விழக்கூடாது என்பதால் பச்சை வரிகளில் உள்ள ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைத் தாண்டிய பிறகு தெற்கே திரும்பும், அந்தத் திருப்பத்துக்கே நிறைய எரிபொருள் போகும், ஏற்றக்கூடிய எடை குறையும். நாவிக் வரிகளுக்குக் கிழக்குப் பக்கமாக வங்கக் கடல் மேலேயே போய்விடலாம், திருப்பம் இல்லை. இப்போது நூலின் முனையை எடுத்து, தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள குலசேகரன்பட்டினத்தில் வைத்துத் தெற்கே இழுத்துப் பாருங்கள். வெறும் கடல்தான். சின்ன ராக்கெட்டுகளுக்கான புது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அங்கே அடிக்கல் நாட்டினார்கள், காரணத்தை நூலே சொல்லிவிடும்.

எடையையும் எண்ணிக்கையையும் அடுத்தடுத்து வைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. சி37-ல் போன 104 செயற்கைக்கோள்களின் மொத்த எடை 1,378 கிலோ. 2011-ல் சி17 கொண்டுபோன ஜிசாட்-12 ஒன்றே 1,410 கிலோ. சி37-ல் கடினமானது எடை இல்லை, 104 பேரையும் ஒருவரோடு ஒருவர் இடிக்காமல் சில நிமிடங்களுக்குள் வெவ்வேறு திசையிலும் நேரத்திலும் பிரித்துவிடுவது. அதே மாதிரி சி35 வரியில் எட்டு என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள், அந்த வரி ஒரு சின்னக் குறிப்புக்குத் தகுதியானது. 2016 செப்டம்பர் 26 அன்று முக்கியச் செயற்கைக்கோளான ஸ்கேட்சாட்-1-ஐ 720 கிலோமீட்டரில் விட்டுவிட்டு, நான்காம் நிலை என்ஜினை அணைத்து, மறுபடி எரித்து, இன்னொரு சுற்று போய், மீதி ஏழையும் 670 கிலோமீட்டரில் இறக்கியது. வழக்கமாக இருபது நிமிடம் ஆகிற வேலை இரண்டே கால் மணி நேரம் நடந்தது.

கடைசி வரியான சி39-ஐ சிலர் விட்டுவிடச் சொல்வார்கள், கண்காட்சியில் தோல்வியை எதற்குக் காட்ட வேண்டும் என்று. கண்டிப்பாகப் போடுங்கள், சிவப்பில் போடுங்கள். என்ஜின்கள் எல்லாம் எரிந்தன, ஆனால் உச்சியில் மூடியிருந்த வெப்பக் கவசம் திறக்கவில்லை. ஒரு டன்னுக்கும் மேலான அந்தக் கூடுதல் பாரத்தை இழுத்துக்கொண்டே போனதால் வேகமும் உயரமும் போதவில்லை, செயற்கைக்கோள் மூடிக்குள்ளேயே பிரிந்து மாட்டிக்கொண்டது. எட்டு மாதத்துக்குள் சி41 மாற்றுச் செயற்கைக்கோளைச் சரியாகக் கொண்டுபோய் வைத்தது. 30-ல் 29 என்பதை முழுசாக மதிக்க வேண்டுமென்றால் அந்த ஒன்றையும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நம் ஊர். 2017 ஜூன் 23 காலை 9.29, சி38. கார்டோசாட்-2 வரிசைச் செயற்கைக்கோளோடு போன 30 பேரில் ஒன்று நியூசாட், 15 கிலோ, தக்கலைக்குப் பக்கம் குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தில் உருவானது. பயிர்களையும் பேரிடர் பாதிப்பையும் படம் எடுப்பதற்கானது. மற்ற 29-ம் வெளிநாட்டுக்காரர்களுடையவை. அந்த வரியைச் சுற்றிக் கட்டம் போட்டு, பக்கத்தில் மாவட்ட வரைபடத்தில் குமாரகோவிலைக் குறித்து ஒட்டுங்கள். இன்னொரு குறிப்பும் சேர்க்கலாம்: ஆரல்வாய்மொழி தாண்டி காவல்கிணறு போகும்போது இடப்பக்கம் தெரிகிற மகேந்திரகிரியின் அடிவாரத்தில்தான் விகாஸ் என்ஜினையும் நான்காம் நிலை என்ஜினையும் எரித்துச் சோதிக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி மாவட்டம் என்றாலும் அந்த மலை நம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரிகிற மலை. அப்புறம், சரக்கல்விளையில் பிறந்த கே. சிவன் 1982-ல் இஸ்ரோவில் சேர்ந்தபோது கிடைத்த முதல் வேலையே பிஎஸ்எல்வி திட்டத்தில்தான், சி37, சி38 போன சமயத்தில் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையத்தின் இயக்குநர் அவர்.

முடிந்தால் விடுமுறையில் தும்பாவுக்கு ஒரு நடை போய் வாருங்கள், நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலும் பஸ்ஸும் தாராளம். அங்கே பழைய மேரி மக்தலேனா தேவாலயத்திலேயே விண்வெளி அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். சார்ட்டைப் போட்ட பிறகு போனால், மாடல்களைப் பார்த்து எது எக்ஸ்எல், எது கோர் அலோன் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அடுத்த பத்து வருடச் சார்ட்டை 2018 ஜனவரி 12-ல் போன சி40-லிருந்து தொடங்குங்கள். அதில் வகைக்கு இன்னும் இரண்டு நிறம் வேண்டும்: இரண்டு பூஸ்டர் கட்டிய டிஎல் 2019 ஜனவரியில் சி44-ல் வந்தது, நான்கு கட்டிய கியூஎல் அதே வருடம் ஏப்ரல் 1-ல் சி45-ல் வந்தது. வேலை முடிந்த நான்காம் நிலையை வீசிவிடாமல், மேலேயே வைத்துச் சோதனைகள் செய்யும் போயம் என்ற ஏற்பாடு 2022 ஜூனில் சி53-லிருந்து இருப்பதால் அதற்கும் ஒரு பத்தி ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு கோடு போடுங்கள்.