மௌரியர் முதல் குப்தர் வரை: அதிகாரிகளைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் குறிப்பேட்டில் இப்படி ஓர் அட்டவணை இருக்கும்: இந்தப் பக்கம் பதவி, அந்தப் பக்கம் வேலை. எந்த அரசு, எந்த நூற்றாண்டு என்ற கேள்வியே அதில் இருக்காது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

மௌரியர் கால அதிகாரிகளான ராஜுகர்களையே எடுத்துக்கொள்வோம். அசோகரின் மூன்றாம் பாறைக் கட்டளையில் அவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சுற்றுப்பயணம் போகிறவர்கள். அவர் முடிசூடி 26 ஆண்டுகள் கழித்து வந்த நான்காம் தூண் கட்டளையிலோ, பல லட்சம் மக்களுக்குப் பொறுப்பானவர்கள். தண்டனை வழங்கும் உரிமையையும் அரசர் அவர்களிடமே விட்டுவிடுகிறார். ஒரே ஆட்சிக்குள்ளேயே இவ்வளவு மாற்றம்!

அடுத்தது, அர்த்தசாஸ்திரத்தை அரசாங்கப் பதிவேடாக நினைப்பது. அரசு எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் நூல் அது. அதிலுள்ள 48,000 பணம் முதல் 60 பணம் வரையான (பணம் என்பது அக்கால நாணயம்) சம்பளப் பட்டியலைச் சந்திரகுப்த மௌரியர் உண்மையிலேயே கொடுத்த சம்பளம் என்று எழுதிவிடக் கூடாது. நூலின் இன்றைய வடிவமே மௌரியருக்குப் பிந்தியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

சரி, மாற்றத்தை எங்கே பார்ப்பது? குஜராத்தில், ஜுனாகத் பாறையிலுள்ள கல்வெட்டுகளில். சுதர்சன ஏரியைக் கட்டுவித்தவர் சந்திரகுப்தரின் ஆளுநர் புஷ்யகுப்தர். அசோகர் காலத்தில் அதற்குக் கால்வாய்கள் அமைத்தவர் துஷாஸ்பர் என்ற யவனர் (கிரேக்கர் போன்ற மேற்கத்தியரைக் குறித்த பெயர்). கி.பி. 150 வாக்கில் கரை உடைந்தபோது, சகர் இனத்து அரசர் ருத்ரதாமனின் ஆலோசகர்கள் உடைப்பு மிகப் பெரிது என்று கைவிரித்தார்கள். செய்து முடித்தவர் பஹ்லவரான (பார்த்தியரான) அமாத்தியர் சுவிசாகர். அமாத்தியர் என்றாலே அரசர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அமைச்சர் என்று எழுதுபவர்கள் இவரைக் கவனிக்கவேண்டும்: இவர் மாகாணத்தை ஆண்டவர். குப்தர் காலத்தில், 456 வாக்கில், ஸ்கந்தகுப்தரின் ஆளுநர் பர்ணதத்தர் தன் மகன் சக்ரபாலிதரையே நகரப் பொறுப்பில் வைத்திருந்தார். கரையைச் சீர்செய்ததும் அந்த மகன்தான்.

ஆளுக்கு ஒரு பதவி என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். சமுத்திரகுப்தரின் அலகாபாத் தூண் கல்வெட்டை இயற்றிய ஹரிசேனரைப் பாருங்கள்: சந்திவிக்கிரகிகர் (போர், சமாதானம் பற்றிய அமைச்சர்), குமாராமாத்தியர் (உயர்நிலை அதிகாரி), மகாதண்டநாயகர் (படை அல்லது நீதித் துறையின் தலைமை அதிகாரி) மூன்றும் அவரே. அவருடைய தந்தை துருவபூதியும் மகாதண்டநாயகர்தான்.