போக்கரில் புளஃப்: நான் சரிப்படுத்திய கணக்கு

304 என்ற சீட்டாட்டத்தில் துரும்பைக் கவிழ்த்து வைத்து ஆடிப் பழகிய யாழ்ப்பாணத்தவருக்கு முகத்தை மறைப்பது புதிதல்ல. போக்கரில் புளஃப், அதாவது கை பலமில்லாமலே காசு கட்டி எதிராளியை விலகவைப்பது, தவறிப்போவது பெரும்பாலும் கணக்கில்தான்.

நடுவில் 600 ரூபா கிடக்க, நீங்கள் 300 கட்டினால் மூன்றில் ஒரு தடவை எதிராளி விலகினாலே நட்டமில்லை. 600 கட்டினால் இரண்டில் ஒரு தடவை விலகவேண்டும். இதை மனதில் போட்டுப் பார்த்த பிறகுதான் நான் காசில் கை வைப்பேன்.

எதிரே மூன்று பேர் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொருவரும் 60 சதவீதம் விலகுபவர் என்றாலும், மூவரும் சேர்ந்து விலகுவது ஏறக்குறைய 22 சதவீதம்தான்.

நல்ல புளஃப் வெறுங்கையோடு அடிப்பதல்ல. எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கும் தாள்களில் முதல் மூன்று விழுந்ததும், உங்கள் கையிலுள்ள இரண்டோடு ஒரே இனத்தில் நாலு சேர்ந்திருந்தால், ஐந்தாவதாக வர இன்னும் 9 தாள் உங்களுக்கு உதவும். மிச்ச இரண்டு தாளுக்குள் ஒன்று வர ஏறத்தாழ 35 சதவீத வாய்ப்பு. அவர் விலகினாலும் லாபம், விலகாவிட்டாலும் வழியுண்டு. கடைசித் தாளில் அந்த வழி இல்லை. அங்கே நான் தேடுவது தடுக்கும் தாள்: பொதுவில் மூன்று இஸ்கோப்பன் கிடக்க, இஸ்கோப்பன் ஆஸ் என் கையில் இருந்தால், அந்த இனத்தின் ஆகப் பெரிய கை அவரிடம் இருக்கமுடியாது. ஆனால் ஆரம்பத்திலிருந்தே அந்தக் கைக்குரிய மாதிரிக் கட்டியிருக்கவேண்டும்; திடீரென்று கடைசியில் ஏற்றினால் நம்பமாட்டார்கள்.

எதற்கும் விலகாமல் கடைசிவரை காசு போடுபவரிடம் புளஃப் வேண்டவே வேண்டாம். அவருக்கு நல்ல கையைத்தான் காட்டவேண்டும்.